ஏழு பானைகள், ஒரு திரை: பல காணொளிகளை ஒன்றாகத் தொகுத்த அனுபவம்

தைப் பொங்கலன்று வாசலில் செங்கல் அடுப்புக் கூட்டிப் பானை வைப்பது மும்பையின் தாராவித் தமிழர்களின் வழக்கம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்து தங்கிய குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம் என்பதால், அன்று விடியற்காலையில் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் அடுப்புகள் வரிசையாக எரியும். எங்கள் குடும்பமும் ஒரு காலத்தில் ஒரே சந்தில் இருந்தது. இப்போது பிள்ளைகள் சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர், கல்யாண் என்று பிரிந்திருக்கிறார்கள். சித்தி கோவில்பட்டியில் இருக்கிறார். ஆச்சி நாங்குநேரிக்குப் பக்கத்தில் சொந்தக் கிராமத்தை விட்டு வர மறுத்துவிட்டார். இந்த ஏழு வீட்டுப் பானைகளும் ஒரே திரையில் பொங்கும்படி ஒரு காணொளி செய்து, காணும் பொங்கலன்று மாலையில் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) திரை கட்டிப் போட வேண்டும் என்று மதினி கேட்டார். கல்யாண வீடுகளுக்குப் படத்தொகுப்பு செய்து கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்றாலும், பல காணொளிகளை ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக ஓடவிடும் வேலையின் இயல்பு வேறு என்பதை இந்த ஒன்றரை நிமிடக் காணொளிதான் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

திரையில் எத்தனை கட்டங்கள் இருந்தாலும், பார்ப்பவரின் கண் ஒரு நொடியில் ஒரு கட்டத்தில்தான் நிலைகொள்ளும். எனவே கட்டங்களை அடுக்குவது வேலையின் சிறு பகுதியே. எந்த நொடியில் கண் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்து, படம், ஒளி, ஒலி ஆகிய மூன்றையும் அதற்கு இசைய வைப்பதே பெரும்பகுதி. நான் பயன்படுத்தியது டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு. அதன் 17-ஆம் பதிப்பிலிருந்து திரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் 'வீடியோ கொலாஜ்' என்ற விளைவு வந்திருக்கிறது. ஆனால் கேடென்லைவ், ஷாட்கட் போன்ற கட்டற்ற மென்பொருள்களிலும் ஒவ்வொரு கிளிப்பையும் (காணொளித் துண்டையும்) தனித்தனி டிராக்கில் (அடுக்கில்) வைத்து, அளவையும் இடத்தையும் எண்களாகக் கொடுத்து இதே வேலையைச் செய்துவிடலாம். நான் கீழே சொல்லும் எதுவும் ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று.

படப்பிடிப்புக்கு முன்பே உறவினர்களுக்குச் சில குறிப்புகள் அனுப்பிவிட்டேன். கைபேசியைக் கையில் பிடிக்காமல் ஏதாவது ஒன்றின் மேல் சாய்த்து அசையாமல் வைக்க வேண்டும். பால் நுரை கட்டத் தொடங்கும் முன்பே பதிவைத் தொடங்க வேண்டும். பொங்கி வழிந்த பிறகும் பத்து நொடி நிறுத்தாமல் விட வேண்டும். பதிவின் நடுவில் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. இவற்றுள் பொங்கிய பிறகு விட வேண்டிய பத்து நொடிதான் தொகுப்பில் எனக்கு மிகவும் உதவியது. ஒரு கிளிப் மற்றவற்றுக்கு முன்பே முடிந்துவிட்டால் அதன் கட்டம் கறுப்பாகிவிடும்; கடைசிப் பிம்பத்தை உறைய வைத்து ஒப்பேற்றலாம் என்றாலும், சுற்றிலும் ஆவி பறக்கையில் ஒரு கட்டம் மட்டும் கல்லாக நிற்பது உடனே தெரிந்துவிடும். பதிவுகளை வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். முதல் வழியில் போனால் கோப்பு சுருக்கப்பட்டுத் தெளிவு குறையும். இரண்டாவது வழியில் மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும், 2 ஜிபி வரை அனுப்பவும் முடியும்.

ஏழு என்ற எண்ணிக்கை முதலில் இடைஞ்சலாகத் தோன்றியது. நான்கு என்றால் இரண்டுக்கு இரண்டு, ஒன்பது என்றால் மூன்றுக்கு மூன்று என்று திரை ஒழுங்காகப் பிரிந்துவிடும். ஏழுக்கு அப்படிப் பிரிவு இல்லை. இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டால் யாரோ வராதது போல இருக்கும். இதற்கிடையில், ஆச்சியின் பானையைப் பதிவு செய்த பையன் கைபேசியைச் செங்குத்தாக வைத்து எடுத்திருந்தான். மற்ற ஆறும் படுக்கைவாட்டில் வந்திருந்தன. செங்குத்தான காணொளியின் அளவு 1080-க்கு 1920 புள்ளி (பிக்சல்). அதைப் படுக்கைவாட்டுக் கட்டத்தில் நிரப்ப வேண்டுமானால் 1920 புள்ளி உயரத்தில் ஏறக்குறைய 607 புள்ளிகளை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டுப்படும். ஆச்சியை வைத்தால் பானை போகும், பானையை வைத்தால் ஆச்சி போவார்.

அதனால் கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் ஒரு செங்குத்துக் காணொளியை முழு உயரத்துக்கு நிறுத்தினால் அது 608 புள்ளி அகலத்தை எடுத்துக்கொள்ளும். கட்டங்களுக்கு இடையே 12 புள்ளி இடைவெளி விட்டால், மீதி அகலத்தில் 644 புள்ளி அகலமுள்ள இரண்டு பத்திகள் துல்லியமாக அமைகின்றன. உயரத்தில் இரண்டு இடைவெளிகளைக் கழித்தால் ஒவ்வொரு பத்தியிலும் 352 புள்ளி உயரமுள்ள மூன்று கட்டங்கள் கிடைக்கின்றன. ஆக, இடப்பக்கம் ஆச்சிக்கு ஒரு நெடிய கட்டம், வலப்பக்கம் மற்ற வீடுகளுக்கு ஆறு கட்டங்கள். 644-க்கு 352 என்பது கைபேசிக் காணொளியின் 16-க்கு 9 என்ற விகிதத்துக்கு மிக அருகில் இருப்பதால், மேலும் கீழும் நூலளவுதான் வெட்டுப்பட்டது. குடும்பத்தில் மூத்தவருக்குப் பெரிய இடம் என்பது மரியாதைக்கும் பொருந்தியது. கண்ணுக்குத் திரும்பி வந்து தங்க ஓர் இடமும் ஆயிற்று. எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று மென்பொருள் வார்ப்புருக்கள் நம்மைப் பழக்கிவிட்டன. நான் கண்டவரை, ஒன்றேனும் பெரிதாக இருக்கும் அமைப்பே பார்ப்பவருக்கு இளைப்பைக் குறைக்கிறது.

இடத்தை எண்ணாகக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மென்பொருள்கள் திரையின் நடுப்புள்ளியைச் சுழியமாகக் கொள்கின்றன. சில இடது மேல் மூலையிலிருந்து அளக்கின்றன. ரிசால்வில் மூன்றுக்கு மூன்று கட்டத்தின் இடப்பக்கப் பத்திக்கு −640 என்று கொடுக்க வேண்டும். பிரீமியர் புரோவில் அதே இடத்துக்கு 320 என்று கொடுக்க வேண்டும். முதல் கிளிப்பின் எண்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து கணக்கிட்டால், கண்ணளவில் இழுத்து வைப்பதால் வரும் கோணல் இருக்காது. கட்டத்தின் அளவும் இடமும் முடிவான பிறகுதான் அதற்குள் படத்தை நகர்த்த வேண்டும். ஏழு பானைகளின் வாயும் ஏறக்குறைய ஒரே அளவில், கட்டத்தின் கீழ்ப்பாதியில் இருக்குமாறு ஒவ்வொன்றையும் சற்றுப் பெரிதாக்கி நகர்த்தினேன். எல்லாப் பானைகளும் ஒரே உயரத்தில் நின்றதும், வெவ்வேறு ஊரில் எடுத்தவை ஒரே வாசலில் எடுத்தவை போல ஆகிவிட்டன.

பிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் ஓடும் என்பதை, தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். ரிசால்வில் கிளிப்புகளைச் சேர்த்த பிறகு டைம்லைனின் (கிளிப்புகளை அடுக்கும் காலக்கோட்டின்) வேகத்தை மாற்ற முடியாது. வந்தவற்றுள் பெரும்பாலானவை நொடிக்கு 30 பிரேம் என்பதால் 30 என்றே வைத்தேன். கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப இந்த வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்வதால், நீளமான கிளிப்புகளில் ஒலியும் படமும் மெல்ல விலகிப் போக வாய்ப்பு உண்டு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொண்டு தொகுப்பைத் தொடங்குவது நல்லது. ஏழு காணொளிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது கணினி திணறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; மென்பொருள் தரும் 'பிராக்ஸி' எனப்படும் சிறிய நகல்களை உருவாக்கிக்கொண்டால் சாதாரண மடிக்கணினியிலேயே வேலை நடக்கும்.

செம்பூர் வீட்டுப் பதிவில் வேறொரு சிக்கல் இருந்தது. நான்காவது மாடியில் அடுக்களைக்குள், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம் அது. அதில் கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலேறிக்கொண்டே இருந்தன. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய வகைக் குழல் விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கைபேசியின் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை வாங்கும் நேரம், அதனோடு பொருந்தாதபோது இந்தப் பட்டைகள் விழுகின்றன. ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என்று நிறுத்திக்கொண்டால் பட்டைகள் மறைந்துவிடும். தனியாக ஓடும் காணொளியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். தொகுப்பிலோ, மற்ற ஆறு கட்டங்களும் அமைதியாக இருக்கையில் மினுங்கும் ஒரு கட்டம் கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல வேளையாக அந்த அத்தாச்சி, பால் பொங்கும் நேரத்தில் சாளரத்தைத் திறந்து விளக்கை அணைத்திருந்தார். அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இனி, பொங்கும் நேரத்தை ஒன்றோடொன்று பொருத்திய கதை. பானைகள் பொங்கிய நேரம் வீட்டுக்கு வீடு வேறு. தை மாதத்தில் நெல்லைப் பகுதியில் சூரியன் மும்பையைவிட அரை மணி நேரத்துக்கும் மேல் முந்தி உதிக்கிறது. கிழக்கு வெளுத்ததும் பானை ஏற்றும் ஆச்சி, இங்கே நாங்கள் அடுப்பு மூட்டுவதற்குள் பொங்கலை இறக்கிவிடுவார். வழக்கமாகப் பல பதிவுகளை இணைக்கும்போது தொடக்கத்தில் கைதட்டி, அந்த ஒலியின் கூர்முனையை வைத்துப் பொருத்துவார்கள். இங்கே பொருத்த வேண்டியது முடிவிலிருக்கும் ஒரு நிகழ்வு. எனவே ஒவ்வொரு கிளிப்பிலும் நுரை பானையின் விளிம்பைத் தாண்டும் பிரேமைத் தேடி, அங்கே ஒரு மார்க்கரை (அடையாளக் குறியை) போட்டேன். பிறகு ஏழு டிராக்குகளிலும் அந்த மார்க்கர்கள் ஒரே கோட்டில் நிற்கும்படி கிளிப்புகளை நகர்த்தி, தொடக்கங்களை ஒரே இடத்தில் வெட்டினேன். கிளிப்பை வேகப்படுத்தியோ மெதுவாக்கியோ பொருத்துவதை நான் தவிர்த்தேன். நுரையும் ஆவியும் எந்த வேகத்தில் எழும் என்பதை எல்லோரும் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார்கள், சிறு மாற்றத்தையும் கண்டுகொள்வார்கள்.

இப்படிப் பொருத்திய வடிவத்தை மதினியிடம் போட்டுக் காட்டினேன். "தம்பி, எல்லாப் பானையும் ஒண்ணாப் பொங்குனா நான் எதப் பாக்க?" என்று கேட்டார். ஆச்சி பானையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நொடியில் தன் அண்ணன் வீட்டுப் பானை பொங்கியதை அவர் பார்க்கவே இல்லை. ஒரே கணத்தில் பொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவரும் அவரே என்பதால் அந்தச் சொல்லுக்கு என்னிடம் பெரிய மதிப்பு இருந்தது. மார்க்கர்களை ஒரே கோட்டில் வைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றரை நொடி, அதாவது 45 பிரேம், தள்ளித் தள்ளி வைத்தேன். வலது மேல் மூலையில் தொடங்கி, அந்தப் பத்தியில் கீழிறங்கி, நடுப்பத்தியில் கீழிருந்து மேலேறி, கடைசியில் இடப்பக்கம் ஆச்சியின் நெடிய கட்டத்தில் வந்து முடியும்படி வரிசை அமைந்தது. அடுத்தடுத்த கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பது முக்கியம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கண் தாவ வேண்டியிருந்தால் ஒன்றரை நொடி போதாது.

அதோடு, எந்தப் பானையின் முறை வருகிறதோ அதைத் தவிர மற்றக் கட்டங்களின் ஒளியை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தேன். கீஃபிரேம் (மாற்றம் தொடங்கும், முடியும் இடங்களைக் குறிக்கும் புள்ளி) கொண்டு பத்துப் பன்னிரண்டு பிரேம்களில் மெல்லக் குறைத்துக் கூட்டினால், பார்ப்பவருக்கு விளக்கை மங்க வைத்த உணர்வே வராது. கண் மட்டும் தானாக நகரும். கல்யாண் வீட்டுக் கிளிப்பில் ஒரு குழந்தை குறுக்கே ஓடும் அழகான இடம் இருந்தது. அது வேறு பானையின் முறை வரும் நேரத்தில் விழுந்ததால், அந்தக் குழந்தையின் ஓட்டத்தைத் தொடக்கத்திலுள்ள அமைதியான பகுதிக்கு மாற்றிவைத்தேன். அசைவு இருக்கும் பக்கம் கண் போகும். எனவே தொகுப்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் அசைவைப் போலவே அசைவின்மையையும் திட்டமிட வேண்டியிருக்கிறது.

ஒலியே இந்த வேலையின் உயிர்நாடி என்று நான் நம்புகிறேன். 2000-ஆம் ஆண்டில் மைக் ஃபிக்கிஸ் இயக்கிய 'டைம்கோட்' படத்தில் திரை நான்காகப் பிரிந்து, நான்கு நீண்ட காட்சிகள் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே நேரத்தில் ஓடும். எந்தக் கட்டத்தின் ஒலி உயர்த்தப்படுகிறதோ அங்கே பார்வையாளர் கவனம் போகும்படி அதை அமைத்திருப்பார்கள். அதே வழியை நானும் கையாண்டேன். ஏழு ஒலிகளையும் அப்படியே விட்டால் ஒன்றும் கேட்காது. அளவில் ஒத்த ஏழு ஒலிகள் சேரும்போது மொத்தம் சுமார் 8 டெசிபெல் உயர்ந்து, ஒலிமானியின் உச்சியைத் தொட்டுப் பிசிறடிக்கவும் கூடும். எனவே பொதுவான பின்னணியாகத் தாராவிச் சந்தின் காலை இரைச்சலை மட்டும் மெல்லியதாக வைத்துக்கொண்டு, மற்ற ஆறையும் அடியோடு அடக்கினேன். பிறகு அந்தந்தப் பானையின் முறை வரும்போது அந்த வீட்டுக் குலவையை மட்டும் உயர்த்தினேன். அதிலும், நுரை விளிம்பைத் தாண்டுவதற்கு அரை நொடி முன்பாகவே குலவையைத் தொடங்கிவிட்டேன். காது முதலில் கேட்டு, கண் திரும்பும்போது பானை பொங்கிக்கொண்டிருக்கும். தொடங்கிய குலவை அடுத்ததற்கு வழிவிட்டுக் குறைந்தாலும் முற்றிலும் நிற்காமல் அடியில் ஓட, இறுதியில் ஆச்சி பானை பொங்கும்போது ஏழு வீட்டுக் குலவையும் "பொங்கலோ பொங்கல்" என்ற குரலும் சேர்ந்து எழுந்தன. அந்த ஓரிடத்தில் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க விட்டேன். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டுவிட்ட பிறகு, சேர்ந்து வரும்போது எது யாருடைய குரல் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

நிறத்துக்கு ஒரு நல்ல அளவுகோல் எல்லாப் படத்திலும் தானாகவே இருந்தது. ஊரில் இளவெயில், இங்கே நிழல், செம்பூரில் சாளர வெளிச்சம் என்று ஒவ்வொரு கிளிப்பும் ஒவ்வொரு சாயலில் இருக்க, பானையைச் சுற்றிப் போட்டிருந்த கோலத்தின் வெள்ளை இழை எல்லாவற்றுக்கும் பொது. வெண்சமநிலைக்கான (வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சரிசெய்யும்) துளிக்கருவியை அந்த வெள்ளையின் மேல் வைத்துச் சொடுக்கியதும் மஞ்சளும் நீலமும் பெரும்பாலும் அடங்கின. தீயின் செம்மை கோலத்தின் மேல் விழுந்திருக்கும் இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். இளவெயிலின் பொன்னிறத்தை முழுவதும் நீக்கிவிடாமல், ஆச்சியின் கட்டத்தில் கொஞ்சம் திரும்பச் சேர்த்தேன்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுத விரும்புபவர்களுக்கு ஒரு சொல். படத்தொகுப்பு மென்பொருள்கள் சிலவற்றின் தலைப்பெழுத்துக் கருவியில் தமிழ் உயிர்மெய்கள் சிதைந்து வருகின்றன. 'செம்பூர்' என்று எழுதினால் எகரக் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கோவில்பட்டி'யின் முதலெழுத்து மூன்று துண்டுகளாகும். அதனோடு போராடுவதைவிட, இன்க்ஸ்கேப், கிம்ப் போன்றவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் பெயரை எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்துக் கட்டத்தின் மேல் வைப்பது உறுதியான வழி. எழுத்தின் உயரம் 1080 புள்ளித் திரையில் 40 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆறரை சென்டிமீட்டர் உயரமுள்ள கைபேசித் திரையில் அது இரண்டரை மில்லிமீட்டர்கூட இராது. நம் பெரியவர்கள் அந்தக் கைபேசியில்தான் பார்க்கப்போகிறார்கள். பெயரைக் கட்டத்தின் மேல் மூலையில் வைத்தால் நுரை வழியும் இடத்தை மறைக்காது.

முடிந்த காணொளியை எக்ஸ்போர்ட் செய்யும்போது எச்.264 என்ற சுருக்க வடிவத்தில் நொடிக்கு 16 மெகாபிட் கொடுத்தேன். 1080 புள்ளி, 30 பிரேம் காணொளிக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 மெகாபிட். ஆனால் ஏழு இடங்களில் ஆவியும் நுரையும் தீயும் ஒரே நேரத்தில் அசையும் படத்துக்கு அது போதாது, ஆவி கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். ஒன்றரை நிமிடத்துக்குக் கோப்பு ஏறக்குறைய 180 மெகாபைட் வந்தது. கைபேசியைச் செங்குத்தாகவே பிடித்துப் பார்ப்பவர்களுக்காக 1080-க்கு 1920 அளவில் இன்னொரு வடிவமும் செய்தேன். மேலே ஆச்சியின் கட்டம் 828 புள்ளி உயரத்தில், கீழே இரண்டு பத்தி மூன்று வரிசையாக 534-க்கு 352 அளவுள்ள ஆறு கட்டங்கள், இடையில் அதே 12 புள்ளி. ஆச்சியின் உயரமான படம் இதில் பாதிக்குமேல் வெட்டுப்படும் என்பதால், முதலில் பானையைக் காட்டிவிட்டு, நுரை வழிந்து முடிந்ததும் படத்தை மெல்லக் கீழே இறக்கிக் குலவையிடும் ஆச்சியின் முகம் கட்டத்துக்குள் வரும்படி கீஃபிரேம் வைத்தேன்.

அடுத்த தைக்கு எட்டாவது பானை ஒன்று சேரப்போகிறது. நவி மும்பைக்குக் குடிபோன தங்கை தன் வீட்டையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். திரையை நான்குக்கு நான்காகப் பிரித்து, மூன்றுக்கு மூன்றைச் சேர்த்து 1440-க்கு 810 அளவில் ஒரு பெரிய கட்டமாக்கினால், மிச்சமிருக்கும் ஓரங்களில் 480-க்கு 270 அளவுள்ள ஏழு சிறிய கட்டங்கள் கச்சிதமாக அமையும். எல்லாமே 16-க்கு 9 என்ற விகிதம் என்பதால் எதையும் வெட்ட வேண்டியதில்லை. அதற்கு ஆச்சியின் பானையைப் படுக்கைவாட்டில் எடுக்க வேண்டும். ஊரில் அந்தப் பையனிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். அடுப்பிலிருந்து நான்கு அடி தள்ளி, பானையும் ஆச்சியும் பக்கவாட்டில் அடங்கும்படி ஒரு முக்காலி போடவும் சொல்லியிருக்கிறேன்.